தகரக் கொட்டகைக்கு அனுமதி வேண்டுமா? நன்னிலம் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் வட்டத்தில் ஓர் ஊராட்சியில் எங்கள் வீடு. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கடந்த முறை விடுமுறைக்கு வந்தவர் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். டிராக்டர் ஏற்கெனவே இருக்கிறது. வாசல் பக்கம் காருக்கு ஒரு ஷெட், கொல்லையில் பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் டிராக்டருக்கு ஒரு கொட்டகை. இரண்டையும் கட்டி முடிக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வெல்டர், சர்வேயர் யாரோடும் அதுவரை பழக்கம் கிடையாது.

"தகர ஷெட்டுக்கெல்லாம் எவன் பர்மிஷன் வாங்குறான்?" என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நாலு பைப்பை நட்டு மேலே கலர் ஷீட்டைப் போட்டால் அது கட்டடமா என்பது அவர்கள் வாதம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் 'கட்டடம்' என்பதற்குள் கொட்டகையும் அடக்கம். செங்கல்லா, மரமா, மண்ணா, இரும்பா என்பது பொருட்டே இல்லை. 2019 முதல் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. மாநகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி எல்லாவற்றுக்கும் இதுதான். ஆகப் புதிதாகத் தூண் நட்டுக் கூரை போட்டால் அனுமதி வாங்கத்தான் வேண்டும்.

அப்படியானால் எதிர்வீட்டுக்காரர் போன வருடம் எதுவும் கேட்காமல் ஷீட் போட்டாரே? விசாரித்தால், அவர் பழைய ஓட்டை இறக்கிவிட்டு அதே சுவர் மேல், அதே அளவுக்கு ஷீட் ஏற்றியிருக்கிறார். கூரை மாற்றுவது, பூச்சு வேலை, வெள்ளையடிப்பது, தரை போடுவது போன்ற பழுதுபார்ப்பு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை என்று விதியே விலக்குக் கொடுக்கிறது. ஊரில் பாதிப் பேர் இந்த விலக்கை எங்கோ கேட்டுவிட்டு, புதுக் கொட்டகைக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஊராட்சி செயலரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "டீச்சர், ஷெட் போடுறதெல்லாம் ஒண்ணுமில்ல. இடம் என்ன இடம்னு மொதல்ல பாத்துட்டு வாங்க" என்றார். அனுமதிச் சீட்டு வாங்குவது எங்கள் காவிரி டெல்டாவில் இரண்டாவது வேலைதான். தூண் ஊன்றப் போகும் மண் யாருடையது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இங்கே ஒரே தெருவில் ஒரு வீடு நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) இருக்கும், பக்கத்து வீடு கோயில் மனையில் இருக்கும், அதற்கடுத்த வீட்டின் கொல்லை வாய்க்கால் கரையில் போய் முடியும். சட்டம் ஒன்றாக இருந்தாலும் மூன்று வீட்டுக்கும் மூன்று வழி.

எங்கள் மனை கிராம நத்தம். பட்டா மாமனார் பெயரில் இருந்ததைக் கணவர் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். அதை எடுத்துப் பார்த்தபோது கொல்லைப் பக்கம் ஒரு கோடு கொஞ்சம் உள்ளே வருவது போலத் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு புல எண், வகைப்பாடு வாய்க்கால். ஆற்றிலிருந்து பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, அப்புறம் சி, டி என்று போகும். எங்கள் கொல்லையில் ஓடுவது அந்த வரிசையில் கடைசிப் பிள்ளை. கோடையில் அதில் கோழி மேயும்.

அளந்து பார்க்காமல் விட மனம் வரவில்லை. நில அளவைக்கு ஆன்லைனில் பணம் கட்டி விண்ணப்பித்தேன். சர்வேயர் வந்தார். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டுதான் அளந்தார். அது நல்லது, பிறகு யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. எருக்குழி ஓரத்தில் மண்வெட்டியால் கிளறச் சொன்னார். சாணமும் சாம்பலுமாக ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டியதும் அம்புக்குறி வெட்டிய பழைய கல் ஒன்று தலையைக் காட்டியது. அதிலிருந்து சங்கிலியைப் பிடித்தால், மாட்டுக் கொட்டகையின் பின்வரிசைப் பூவரசங்கால் இரண்டும் வாய்க்கால் கரையில் நிற்கின்றன.

என் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாமனார் காலத்துலேருந்து இங்கதான் மாடு கட்டுறோம். இன்னிக்கு வந்து கோடு போடுறியா தம்பி?"

"மாடு கட்டினத யாரும் கேக்கல பாட்டி. கான்கிரீட்டப் போட்டு இரும்புத் தூண நிறுத்தினா அது வேற கணக்கு" என்றார் சர்வேயர்.

அந்த 'வேற கணக்கு' 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எத்தனை தலைமுறை அனுபவித்திருந்தாலும் அதற்குப் பட்டா கிடையாது. இன்னொன்று, இந்த விஷயத்தில் புகார் பெரும்பாலும் ஆபீசிலிருந்து கிளம்புவதில்லை, அதே வாய்க்காலில் நமக்குக் கீழே பாசனம் செய்கிற கீழ்மடைக்காரரிடமிருந்துதான் கிளம்பும். ஏப்ரல், மே மாதங்களில் தூர்வார பொக்லைன் வரும்போது அது நடந்துபோகக் கரை வேண்டும். எங்கள் தூண் குறுக்கே நின்றால் வண்டி அதோடு திரும்பிவிடும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வரும் நேரத்தில் எங்கள் கொல்லையோடு நின்றுபோனால் ஊரில் முகத்தைக் காட்ட முடியுமா? கொட்டகையை நன்றாக உள்ளே தள்ளிப் போட்டோம். அதற்காக ஒரு முருங்கை மரம் போனது. மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

டிராக்டர் கொட்டகையைப் பேசாமல் வயலில் களத்துமேட்டுப் பக்கம் போட்டுவிடலாமே என்றார் ஒரு உறவினர். போடலாம். ஆனால் ராத்திரியில் டீசலையும் பேட்டரியையும் யார் காவல் காப்பது? நஞ்சையில் சொந்த விவசாயத்துக்கு மோட்டார் கொட்டகை போடுவது ஒன்று. அதையே குடோனாகவோ கடையாகவோ மாற்றுவது முற்றிலும் வேறொன்று. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. அது கலெக்டர் ஆபீஸ் வரை போகும். இதோடு சேர்த்து ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதால் இனி இங்கே ஒரு கொட்டகைகூடப் போட முடியாது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, செம்பு உருக்கு ஆலை, தோல் பதனிடும் தொழிற்சாலை வகையறாக்களை. உங்கள் கார் ஷெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காகித வேலைக்கு வருவோம். 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ ஒரு மாடியோ உள்ள குடியிருப்பு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. டெல்டாவின் பழைய மனைகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லை இன்னொரு உலகத்தில் இருக்கும். 25 அடி அகலம், 150 அடி நீளம் என்றாலே 3,750 சதுர அடி ஆகிவிடுகிறதே. அதனால் பதிவுபெற்ற இன்ஜினியர் ஒருவரை வைத்து வரைபடம் போட்டு வழக்கமான வழியில் விண்ணப்பித்தேன். அதுவும் அதே இணையதளம் வழியாகத்தான். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம், இடத்தின் புகைப்படம், இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் இவைதான் கேட்டார்கள். இருக்கிற வீட்டையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். ஷெட்டை மட்டும் தனியாக வரைந்து கொடுத்தால் திரும்பி வரும்.

இடையில் ஒருவர், "நான் எல்லாத்தையும் முடிச்சுத் தரேங்க்கா, நீங்க அலைய வேணாம்" என்று வந்தார். கட்டணத்துக்கு ரசீது கிடைக்குமா என்று கேட்டேன். அப்புறம் அவரைக் காணோம்.

வரைபடத்தில் முக்கியமானது சுற்றிலும் விட வேண்டிய காலியிடம். தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து அது மாறும். அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்து நம் தூணை ஊன்ற முடியாது. அந்தக் காலியிடத்துக்குள் வரக்கூடியவை என்று ஒரு சின்னப் பட்டியல் விதியில் உண்டு. 2 மீட்டர் உயரம் வரை சுற்றுச்சுவர் இருக்கலாம். காவலாளிக் கூண்டு 2.5 மீட்டருக்கு 2.5 மீட்டர் இருக்கலாம். எங்கள் தெருவில் காவலாளி நாய்தான், அதற்குக் கூண்டு பிடிக்காது. நான்கு கால் நட்ட ஷெட்டை அந்தப் பட்டியலை நம்பி வேலியோடு ஒட்டிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். கார் நிறுத்த விதி சொல்லும் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அது கார் நிற்கப் போதும். மாமியார் கதவைத் திறந்து புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கப் போதாது. 11 அடி அகலம் வைத்தோம். டிராக்டர் பக்கம் உயரம்தான் முக்கியம். மேற்கூரை மாட்டிய வண்டி என்றால் 11 அடியாவது இருக்கட்டும். சாய்தளம் தெருவுக்கோ வடிகாலுக்கோ மேல் நீளக் கூடாது, சரிவை நம் வாசலுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். கேட்டும் உள்பக்கம்தான் திறக்க வேண்டும்.

நத்தம் என்பதால் எனக்கு இவ்வளவோடு போனது. மயிலாடுதுறையில் என் நாத்தனார் வீடு கோயில் மனை. வீடு அவர்களுடையது, மண் சாமியுடையது. மனை வாடகை கட்டி வருகிறார்கள். அங்கே புதிதாக எது கட்டினாலும் முதலில் கோயில் நிர்வாகத்தின் இசைவு வேண்டும், அப்புறம்தான் நகராட்சி. வாடகை பாக்கி இருந்தால் மனுவையே தொட மாட்டார்கள். அவர்களுக்குப் பாக்கி இருந்தது. பாக்கியைக் கட்டி ரசீதோடு மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கார் இப்போதைக்குத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது.

தாராசுரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகன் பாடு இதைவிடக் கஷ்டம். ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி பெற்றுத்தான். புதுசாக ஒரு ஷெட் என்றால் 'கூடுதல் கட்டுமானம்' என்ற கணக்கில் வந்துவிடும். அண்ணன் வீடு 100 மீட்டருக்குள். அவர் ஷெட் ஆசையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து வண்டியை நிறுத்துகிறார். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கோயில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது நல்லது.

"வரி ரசீது இருக்கே!" என்று சிலர் நீட்டுவார்கள். வீட்டு வரி கட்டிய ரசீது வரி கட்டியதற்கு மட்டும்தான் சான்று. மண்ணுக்கு உரிமையும் ஆகாது, கட்டடத்துக்கு அனுமதியும் ஆகாது. அனுமதி இல்லாமல் கட்டியதற்கும் வரி போடுவார்கள், வாங்கிக்கொள்வார்கள். அதே வருடம் நோட்டீஸும் வரலாம்.

அனுமதி கைக்கு வந்த பிறகு வேலை. இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கருமண்ணில் தூண்குழி தோண்டும் வேலையை வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும். ஆறு திறந்துவிட்டால் கொல்லையில் இரண்டடி தோண்டினாலே ஊற்றுக் கிளம்பும். குழிக்குள் நிற்கும் தண்ணீரோடு கான்கிரீட் கொட்டினால் சிமெண்ட் கரைந்து போய் ஜல்லிதான் மிஞ்சும். நாங்கள் மே மாதத்திலேயே போட்டுவிட்டோம். இந்த மண் வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும், மழையில் உப்பும். மேலாகப் போட்ட அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஆடும். இன்ஜினியர் மூன்றடிக்குக் குறையாமல் போகச் சொன்னார்.

வெல்டர் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "ஷீட்டு என்னக்கா வெயிட்டு, இதுக்குப் போய் மூணடியா?" என்றார். வெயிட் இல்லாததுதான் பிரச்சினை. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அன்று எங்கள் பக்கத்தில் பறந்ததில் பாதி திறந்த கொட்டகைகளின் கூரை. சுவர் இல்லாத ஷெட்டுக்குள் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று உறிஞ்சும். தூணையே பிடுங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் கான்கிரீட்டின் கனம் அந்தத் தூக்கலுக்கு எதிராகத்தான். தூணுக்குக் கீழே பேஸ் பிளேட், அதற்கு நாலு போல்ட். ஷீட்டின் ஓரங்களிலும் மூலைகளிலும் அலைக்கு ஒரு ஸ்க்ரூ; நடுவில் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பொதுவாக எல்லா இடத்திலும் இரண்டு அலை விட்டு ஒன்று அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். தம்பி என்னை வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார், ஆனால் அடித்தார். வெல்டிங் வைத்த இடங்களில் கசடைத் தட்டிவிட்டு ப்ரைமர் அடித்தபிறகே பெயிண்ட். உப்புக்காற்று உள்ள ஊர் என்றால் இதில் கஞ்சத்தனம் கூடாது.

கரண்ட் கம்பியை மறந்துவிடாதீர்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் சரியாக ஷெட்டுக்கு மேலேதான் தொங்கியது. காற்றில் தகரத்தில் உரசித் தோல் போனால் மொத்தக் கூரையிலும் மின்சாரம் பாயும். தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். மின்வாரியத்தில் விண்ணப்பித்து எஸ்டிமேட் தொகையைக் கட்டினால் மாற்றித் தருவார்கள். கூரை ஏறுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, ஊர் முறை. முதலில் போட்ட வரைபடத்தில் ஷெட் அவர் வேலிப் பக்கம் சரிந்தது. "ஏம்மா, உன் ஷெட்டுத் தண்ணி என் சுவத்துலதான் விழணுமா?" என்று கேட்டார். நியாயம்தானே. நம் கூரைத் தண்ணீரை அடுத்தவர் மனையில் விட நமக்கு உரிமை இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒரு நாளில் கொட்டுகிற தண்ணீர் அவருடைய மண்சுவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். சரிவை எங்கள் பக்கம் திருப்பி, தகரத் தூம்பு வைத்து, குழாய் வழியாக மழைநீர்க் குழியில் விட்டோம். அதன்பிறகு ஷீட் ஏற்றும்போது ஏணி கொடுத்ததே சித்தப்பாதான்.

வேலை முடிந்ததும் ஊராட்சியில் சொல்லி வரியைத் திருத்திக்கொண்டேன். காருக்கும் வீட்டு உபயோகத்துக்கும் என்றே அனுமதி. இப்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் டிராக்டர் கொட்டகையில் ஒரு மூலையை பஞ்சர் கடைக்கு வாடகைக்குக் கேட்கிறான். கொடுத்தால் உபயோகமே மாறிவிடும். வீட்டு இணைப்பில் கம்ப்ரசர் ஓட்டினால் மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாற்றும், ஊராட்சி தொழில் உரிமம் கேட்கும், குடியிருப்புக்கு வாங்கிய அனுமதியும் செல்லாது. மெயின் ரோட்டில் காலியாகக் கிடக்கும் கடை ஒன்றின் உரிமையாளர் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.